ஏபிஎன் எடுத்துக் கொடுப்பவள்

"அக்கா, நான் அவரிட்ட வேலை செய்யிறனா, இல்லாட்டி எனக்கெண்டு ஒரு தொழில் நடத்திறனா?"

போன கிழமை கைக்குழந்தையோடு ஏபிஎன் எடுக்க வீட்டுக்கு வந்த ஒரு பெண் கேட்டாள். சனிக்கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெஸ்ட்மீட் பக்கத்தில் கிளினிக்குகளைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. வேலை தருபவர் நம்மவர்; கோயிலில் எல்லோருக்கும் அண்ணை. அவரிடம் சேர முதலில் ஏபிஎன் எடுக்கவேண்டும். இந்த நாட்டில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலக்கம் அது. நான் படித்தவள் என்று புதிதாக வருபவர்களை அவர் என்னிடம்தான் அனுப்புவார். தேத்தண்ணீர் கொடுத்து, என் கணினியிலேயே ஏழு பெண்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

சென்ற மாதம் மகளுக்குக் காய்ச்சல். காலையிலேயே அவருக்கு அழைத்தேன்.

"அண்ணை, பிள்ளைக்குச் சுகமில்லை. இண்டைக்கு ஒரு நாள் லீவு தருவியளோ?"

"லீவோ? தங்கச்சி, நீங்கள் சொந்தத் தொழில்காரி. முதலாளிக்கு ஆர் லீவு குடுக்கிறது?" என்று சிரித்தார்.

"அப்ப எனக்குப் பதிலா என்ர சிநேகிதியை அனுப்பிறன்."

"அதெப்பிடி? நான் உங்களையெல்லோ போட்டனான். நான் சொன்ன நேரத்துக்கு, நான் தந்த டீசேட்டோட நீங்கள்தான் நிக்கவேணும். ஆளை மாத்த இதென்ன உங்கட கடையே?"

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஆனாலும் போனேன். பனடோல் கொடுத்து, உடம்புச் சூடு தணிந்திருந்த நேரம் பார்த்து, காய்ச்சலை மறைத்து மகளைச் சைல்ட்கேர் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனேன். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிறகுதான் அரசாங்க இணையத்தளத்தை ஒழுங்காக வாசித்தேன். ஒருவர் வேலையாளா, சொந்தத் தொழில்காரரா என்று அறிய, நேரத்தை யார் தீர்மானிப்பது, பொருட்கள் யாருடையவை, பதிலாக ஆள் அனுப்பலாமா என்று பார்க்கச் சொல்கிறது. எங்களுக்கு எல்லாமே அவர் கையில். ஏபிஎன் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்தத் தொழில்காரர் ஆகிவிடமாட்டாராம். ஆனால் சொந்தத் தொழில் என்று அந்தப் படிவத்தில் நிரப்பியவை என் விரல்கள், ஏழு தரம். நான் பொய் எழுதினேனா? அல்லது வாசித்ததை இப்போது பிழையாக விளங்கிக்கொள்கிறேனா?

"பேசாம இரும். அவர் எல்லாரையும் நிப்பாட்டினா உம்மைத்தான் திட்டுவினம்," என்கிறார் கணவர்.

சனிக்கிழமை அந்தப் பெண் திரும்ப வருகிறாள். வேறு வருமானம் இல்லாத வீடு அது. நான் மறுத்தால் இன்னொருவர் நிரப்பிக் கொடுப்பார். நிரப்பினால் எட்டாவதும் என் கையால்தான்.

இப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்கள், இதுபற்றி அரசாங்கத்திடம் கேட்டுப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்? ஏற்கெனவே எடுத்துக் கொடுத்த ஏழு பேரிடம் எப்படிப் போய்ச் சொல்லட்டும்?