பச்சை விளக்கு எரியாத விரல்

ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு முப்பத்துநாலு வருஷம் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு சொந்த ஊரான ராஜபாளையத்தில் வந்து உட்கார்ந்தவர் தங்கச்சாமி. வருஷா வருஷம் நவம்பரில் பேங்குக்குப் போய், தான் உயிரோடிருப்பதைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் பென்ஷன் நின்றுபோகும்.

முன்பெல்லாம் அது ஒரு வேலையே இல்லை. கேஷியர் சங்கரலிங்கம் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் இருக்கியளா?" என்று சிரித்தபடி ஃபாரத்தை நீட்டுவார். ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான். அவர் ரிட்டயர் ஆனதோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. இப்போது டோக்கன் வாங்கிக் காத்திருந்து, மெஷினில் கைரேகை வைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தின்ற விரலில் ரேகைக்கு எங்கே போவது? ஏழு தடவை அழுத்தியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

கூடவே வந்திருந்தார் பக்கத்து வீட்டு வைகுண்டராஜ். தாலுகா ஆபீஸில் பேனா பிடித்தே காலத்தை ஓட்டியவர். கட்டைவிரலை லேசாக வைத்தார், உடனே பச்சை விளக்கு.

"எனக்கு முடிஞ்சிட்டுலே. நீ பைய முடிச்சிட்டு வா, டீக்கடையில இருக்கேன்."

தங்கச்சாமிக்கு வயிறு எரிந்தது. ஆள் நல்ல ஆள்தான், அந்த வழுவழு விரலைத்தான் பிடிக்கவில்லை.

"ஃபாரத்துல எழுதித் தாரேம்மா," என்று கவுண்ட்டரில் கெஞ்சினார்.

ஜெயசித்ரா என்ற அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலை நிமிரவில்லை. "அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும் சார். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் மேனேஜர் லீவு. அதற்கடுத்த வாரம் சர்வர் வேலை செய்யவில்லை. வீட்டில் சுடலையம்மாள் தினமும் புருஷனின் கட்டைவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அவளுடைய சர்க்கரை மாத்திரை அந்த விரலை நம்பித்தான் இருந்தது.

டிசம்பர் கடைசி நாள் காலையில், காபி குடித்துக்கொண்டிருந்த வைகுண்டராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். தங்கச்சாமி ஓடிப்போய் விழுந்து அழுதார். பொய் அழுகையில்லை, நாற்பது வருஷப் பழக்கம். நெஞ்சின்மேல் கைகளைச் சேர்த்து, இரண்டு கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

மதியம் அலமாரியில் இருந்த செத்தவரின் போன் சத்தம் போட்டது. மகள் இந்து எடுத்துப் பார்த்தாள்.

"அப்பாவுக்குப் பென்ஷன் ஏறியிருக்கு மாமா," என்று கதறினாள்.

தங்கச்சாமி தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு துணி கட்டிய அந்த விரலை மறுபடி பார்த்தார். வயிறு எரிந்தது.