ஃபியூஸ் போன நிமிடம்

கொல்லிமலைப் பயணத்துக்காக எங்கள் பழைய வேனில் பனிமூட்டத்துக்கான ஃபாக் லைட் மாட்டினேன். அதற்கு, எரியும்போது சிவப்பு விளக்குக் காட்டும் டாகிள் சுவிட்சையும் நானே பொருத்தினேன். பேட்டரி ஒயரில் ஃபியூஸ் வைக்கத்தான் சோம்பல்.

"ஏனுங்க, ஃபியூஸ் இல்லாம எம்புள்ளைங்கள இதுல ஏத்த மாட்டேனுங்க," என்றாள் மனைவி. முணுமுணுத்துக்கொண்டே பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டேன். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள்.

சுவிட்சைத் தட்டியதும் ஃபியூஸ் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். சுவிட்சில் லைட் ஒயர் வர வேண்டிய முனையில், சிவப்பு விளக்குக்கான எர்த் ஒயரைச் செருகியிருந்தேன். ஃபியூஸ் இல்லாதிருந்தால் பெட்ரோல் குழாயை ஒட்டிப் போகும் பேட்டரி ஒயர் தீப்பிடித்திருக்கும். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ மட்டும் சொல்லலைன்னா..."

"அதான் போட்டுட்டீங்கல்ல. ஒயர மாத்துங்க, நேரமாச்சு."

ஒயரை மாற்றி, புது ஃபியூஸும் போட்டுக் கிளம்பினோம். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கவனம் என்று அன்றுதான் புரிந்தது.