ராணுவ ஆர்டரும் சேவியரின் படகும்

வீட்டு கேட்டின் கீல் உடைந்துவிட்டது. போன வாரம் அதை எடுத்துக்கொண்டு கரமனையில் நண்பர் மணியின் லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறையே மாறியிருந்தது. வாசலில் புது பெயிண்ட். உள்ளே புதிதாக நாலைந்து பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் ஒரு பெரிய கம்பெனி உதிரி பாக ஆர்டர் கொடுத்திருக்கிறது — மணிக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ராணுவத்துக்குக் கொட்டும் பணத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தால் நாடு முன்னேறிவிடும் என்று மைக் கிடைத்தால் பேசுகிற ஆள் நான். ஆனால் கண்ணெதிரே நாலு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறதே... இதை என்ன சொல்வது?

அப்போது சேவியர் வந்தார். விழிஞ்ஞத்து மீனவர். என்ஜின் ஷாஃப்ட் உடைந்து அவருடைய படகு கரையில் கிடக்கிறது. அயிலை மீன் நன்றாகக் கிடைக்கிற சமயம். உடனே புது ஷாஃப்ட் கடைந்து தர வேண்டும்.

மணி கையை விரித்துவிட்டார். பெரிய லேத் ஒன்றுதான் இருக்கிறது. ராணுவ வேலையில் முதல் பீஸை கம்பெனி இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகே செய்துவிட்டால், ஆர்டர் முடியும்வரை செட்டிங்கை மாற்றக் கூடாதாம். பக்கத்துப் பட்டறைகள்? அங்கேயும் இதே கம்பெனி, இதே கதை.

அட, நான் மைக்கில் சொன்னது சரிதான் போலிருக்கிறதே!

அதற்குள் சேவியர் நேராக லேத்தில் நின்ற பெண்ணிடம் போனார். ஐடிஐ படித்தவள், இந்த ஆர்டருக்காகவே வேலைக்கு எடுத்த பெண். பார்த்தால்... அவருடைய மகள் ஜின்சி.

"அப்பா, மெஷினத் தொட முடியாதுல்லா. தொட்டா எனக்க வேலை போவும்."

சேவியர் சொன்னார்: "உனக்க வேலை போவாண்டாம் மக்ளே. படகு கெடக்கட்டு."

ஆக, மகளின் மெஷினால் அப்பாவின் படகு நிற்கிறது. படகு நிற்கிற வீட்டில் மகளின் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. இது வளர்ச்சியா, தேக்கமா?

சேவியரை வீட்டில் விட ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு மீன்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். விற்கிற பக்கம் நின்றே பழகியவர், வாங்கத் தெரியாமல் விழித்தார். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

மீன் பையைக் கையில் பிடித்தபடி, "இது நமக்கு ஏத்தமா எறக்கமா சாரே?" என்று கேட்டார்.

பதில் தெரிந்த வாசகர்கள் தாராளமாகச் சொல்லலாம் — என்னிடம் அல்ல, சேவியரிடம்.