ஆறு மீனுக்கு மேல் கிடையாது

வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கண்ணாடித் தொட்டியின் முன் குத்தவைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். ஆறு மீன். ஆறும் தண்ணீரின் நடுவே நீந்தினால்தான் எழுந்துபோய் வாய் கொப்பளிப்பார். ஒன்றே ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலும் போச்சு, அன்றைக்குக் காபி ஆறிவிடும்.

காரணம் இருக்கிறது. போன வருடம் இதே தொட்டியில் இருபத்துநான்கு மீன் விட்டார். செடிதான் அடர்ந்து கிடக்கிறதே, காற்றுக்கு என்ன பஞ்சம் என்று காற்றுக் குழாயையும் கழற்றிவிட்டார். விடிந்து பார்த்தால் பத்தொன்பது மிதக்கின்றன. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அழுதார், மறைக்கவும் இல்லை. "வெளக்க அணைச்சா செடியும் நம்மள மாதிரி காத்தத்தான் இழுக்குமாம்ங்க. யோசிக்காம நான்தான் கொன்னுட்டேன்."

மிச்சம் ஐந்தையும் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் வெறும் செடி வளர்த்தார். "இது மீன் தொட்டியா, கீரைப் பாத்தியா?" என்று மனைவி சிரித்தார். மனிதர் அசையவில்லை. பழுத்த இலையை நறுக்குவார், பாசியைத் துடைப்பார், வாரம் தவறாமல் கால்பங்கு தண்ணீரை மாற்றுவார். பிறகு இரண்டு மீன், பொறுத்து இன்னும் இரண்டு. ஆறோடு நிறுத்திக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி பிளாஸ்டிக் பையில் பத்து மீன்களோடு வந்து நின்றார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே ஆசையாக இருந்தது.

"வேணாம் மாப்ள."

"ஆசையா வாங்கிட்டு வந்தேன் மாமா. பத்து குட்டி மீனு, என்ன ஆயிடப்போகுது?"

"லிஃப்ட்ல எட்டுப் பேருன்னு எழுதியிருந்தா எட்டுப் பேருதான். ஒன்பதாவது ஆளு மந்திரியா இருந்தாலும் படிக்கட்டுதான்."

"எங்க வீட்டு ஆளு குடுத்தா மட்டும் கசக்கும்" என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தம்பியின் முகம் சுண்டிப்போனது. மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு பையை வாங்கினார். "வா மாப்ள, கடையிலயே விட்டுட்டு வருவோம். அங்க எடமாவது இருக்கு."

உச்சி வெயில். மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு கையில் மீன் பை, மறு கையில் அதற்கு மேல் சாய்த்துப் பிடித்த குடை. வழுக்கைத் தலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் மச்சினர்.

"அந்தக் குடைய உங்க தலைக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்!" என்று மனைவி மேலேயிருந்து கத்தினார்.

அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். குடை பையை விட்டு நகரவில்லை.