பிரம்போடு நான் நின்ற இடம்

கண்ணெதிரே ஓடும் படத்தையும் நான் விளக்கினால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று நம்பிய மடையன் நான். பயாஸ்கோப் என்னும் ஊமைப்படக் கூடாரம் தச்சநல்லூருக்கு வந்தபோது, இங்கிலீஷ் படித்தவன் என்பதால், திரையருகே பிரம்புடன் நின்று கதை சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது.

சீமைப் படங்கள் முடிந்ததும், கூடாரக்காரர் கைக்காசைப் போட்டுப் புன்னக்காயல் கடற்கரையில் தாமே பிடித்த சிறு படத்தை ஓட்டினார். ராஜா இல்லை, ராணி இல்லை. மீனவர்கள் வள்ளம் தள்ளினார்கள். படம் வேறு நடுங்கியது.

"படம் பிடிச்சவருக்குக் குளிர்காய்ச்சல் போலிருக்கு" என்றேன். கூடாரம் சிரித்தது. அந்த உற்சாகத்தில் திரைக்கு நடுவிலேயே போய் நின்று, முன்னால் நின்று வள்ளம் தள்ளியவரின் தலைப்பாகையைப் பிரம்பால் தட்டிக் காட்டினேன்.

தரையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது எங்க வீட்டுக்காரக. போன ஆடியில கடலோட போயிட்டாக. இதுல வாராகன்னு கேள்விப்பட்டு, மொகத்தைப் பாக்கத்தான் புன்னக்காயல்ல இருந்து வந்தேன். ஒங்க நெழலு மறைக்குது."

நான் விலகுவதற்குள் படம் முடிந்துவிட்டது. காது சுட்டது.

கூடாரக்காரர் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார். நான் மணலில் உட்கார்ந்தேன். வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் அந்த மனிதர் திரும்பிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய படங்கள் பார்த்துவிட்டேன். எதிலும் யாரும் அப்படித் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் கூடாரக்காரர் என் தோளைத் தட்டினார். "இன்னைக்குத்தான் வே நல்லா வெளக்கம் சொன்னீரு. நாளைக்கும் இப்படியே உக்காந்துக்கிடும்."