கூடு ஒன்றும் இல்லை

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று என் கணவர் சீட்ஸெயைப் பற்றிப் போதகர் செவ்வாய்க்கிழமை அடக்க ஆராதனையில் சொன்னார். தேவாலயத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். போதகர் ஊருக்குப் புதியவர்.

சீட்ஸெ முப்பத்தொரு வருடம், வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பொய் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் போட்டார்.

நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஆள்காட்டிப் பறவையின் முதல் முட்டையை யாராவது கண்டுபிடித்தால்தான் வசந்தம். கண்டவரின் பெயர் செய்தித்தாளில் வரும், மாகாண ஆளுநர் கைகுலுக்குவார். முட்டையை இப்போதெல்லாம் எடுக்கக் கூடாது. பார்த்துவிட்டு வர வேண்டும். ஜூன் மாதம் ஒரு படிவம் வரும். உங்கள் இடத்தில் எத்தனை கூடு என்று அதில் எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் இடத்தைச் சொல்கிறவன் முட்டாள் என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். சொன்னால் அடுத்த வருடம் வேறொருவன் கை ஆளுநரின் கைக்குள் இருக்கும்.

சீட்ஸெயின் இடம் ஊருக்குக் கிழக்கே இருந்த சதுப்பு. ஆகவே விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே போவார். ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வருவார். தொடைவரை சேற்றோடு வீடு திரும்பி, "ஒண்ணுமில்ல" என்பார். படிவத்திலும் அதையே எழுதுவார்.

பிறகு நான்குவழிச் சாலைத் திட்டம் வந்தது. மாகாணத் தலைநகருக்குப் போக ஏழு நிமிடம் மிச்சமாகுமாம். பக்கத்து ஊர்க்காரர்கள் கூடுகளை ஒழுங்காக எழுதியிருந்ததால் அவர்கள் நிலம் தப்பியது. எங்கள் சதுப்பைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி: "முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு கூடும் பதிவாகவில்லை." வரைபடத்தில் சாலைக் கோடு நேராக அதன் நடுவே ஓடியது.

ஊர் கொதித்தது. குழு அமைத்தார்கள், அந்தக் குழுவுக்குப் பெயர் வைக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். சதுப்பில் கூடு கட்டும் இன்னொரு பறவையான கருவால் மூக்கனின் படம் போட்டுப் பெரிய பதாகை எழுதினார்கள். படம் வாத்து மாதிரி இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் காபியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும். "நம் பறவைகள்!" என்று எல்லாரும் முழங்கினார்கள். எத்தனை பறவை என்று கேட்டால் எல்லாரும் காபியைக் கலக்கினார்கள்.

வீட்டில் நான் கேட்டேன். "அங்க கூடு இருக்கா, இல்லையா?"

"எங்க?"

"சீட்ஸெ!"

"இருக்கலாம்."

"எத்தனை?"

அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். "சொன்னா நீ உங்க அக்காகிட்ட சொல்லிடுவ."

"அக்கா செத்து நாலு வருஷமாச்சு."

"இருந்தாலும்."

விசாரணை விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. அரசாங்கம் இருக்கும் ஹேக் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். குழுத் தலைவர் சதுப்பின் அழகைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அதிகாரி மணியைப் பார்த்தார். "அழகு சரிங்க. கூடு எத்தனை?"

சீட்ஸெயின் கை என் முழங்கையைப் பிடித்தது. பல் பிடுங்கும்போது மட்டும்தான் அப்படிப் பிடிப்பார். எழுந்து நின்றார்.

"அம்பத்தெட்டு."

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "ஐயா, இது உங்க கையெழுத்துதானே? எல்லா வருஷமும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குச் சொல்றீங்களா?"

"அன்னைக்கு."

"பொய்யர்னு நீங்களே ஒத்துக்கிட்டா உங்க எண்ணிக்கையை நான் எப்படிங்க எடுத்துக்கிறது?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டர்க். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், முட்டை தேடுவதில் சீட்ஸெயின் பரம எதிரி.

"அவன் பொய்யன்தாம்மா. ஊருக்கே தெரியும். ஆனா இன்னைக்குச் சொல்றது நிஜம். கூடு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா நாணல்ல குப்புறப் படுத்து அவனைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்!"

"அப்ப உங்க படிவத்துலயும் இல்லைன்னு இருக்கே?"

"எழுதினா நான் பாத்தது அவனுக்குத் தெரிஞ்சுடாதா?"

அதன் பிறகு அணை உடைந்தது. மணிக்கூண்டிலிருந்து பார்த்தவர் எழுந்தார், படகில் மீன் பிடிப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தவர் எழுந்தார். பதினாலு பேர். பதினாலு பேரும் 'இல்லை' என்று எழுதியவர்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த ஊரில் யாராவது உண்மை எழுதியதுண்டா என்று கேட்டார்.

ஏப்ரலில் வெளியாட்கள் வந்து எண்ணினார்கள். ஐம்பதுக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கோடு சதுப்பை விட்டுத் தெற்கே, உருளைக்கிழங்கு வயல்களுக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் பதாகையை இரவல் கேட்டு வந்தார்கள். வாத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு வரைந்தால் போதும் என்று எங்கள் குழு பெருந்தன்மையாகக் கொடுத்தது.

வெற்றி விருந்துக்கு சீட்ஸெ வரவில்லை. "முப்பது வருஷம் என் முதுகைப் பாத்துட்டே இருந்திருக்கான்" என்று சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சதுப்பு பிழைத்தது, அவருக்கென்று இருந்த சதுப்பு போய்விட்டது. கூடுகளை எனக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். முதல்முறை. எல்லாருக்கும் தெரிந்த பிறகு மனைவிக்குத் தெரிந்தால் என்ன என்ற முகத்தோடுதான்.

ஜூனில் படிவம் வந்தது. சீட்ஸெ ஐம்பத்தெட்டு என்று எழுதினார். டர்க் அறுபது என்று எழுதினார்.

அந்த இரண்டைத் தேடிச் சீட்ஸெ சதுப்பை நான்குமுறை சுற்றி நடந்தார். இலையுதிர் காலத்தில் படுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் வரை பார்க்கலாம் என்றார் மருத்துவர். நவம்பரில் டர்க் ஆரஞ்சு கேக்கோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சீட்ஸெ கேட்டார்.

"அந்த ரெண்டு எங்க?"

"எந்த ரெண்டு?"

"டேய்."

"ஏப்ரல்ல எந்திரிச்சு வா. காட்டுறேன்."

"திருட்டுப் பயலே" என்றார் சீட்ஸெ. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. டர்க் போனதும், மூன்று வாரமாகத் தொடாத பட்டாணி சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து தினமும் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினார்.

மார்ச் வரை இருந்தார். அந்த இரண்டு கூடும் உண்டா என்று டர்க்கிடம் நான் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.