ஓவர் முடியட்டும்

தொலைபேசிக் கூண்டின் கதவை இடது காலால் முட்டுக்கொடுத்து, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டுதான் அலோசியஸ் தன் மனைவியோடு பேசுவார். காதில் ரிசீவர் இருக்கும். கண் மட்டும் கூண்டுக்கு எதிரே இருக்கும் ஐந்தாம் நம்பர் கணினியில். இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோ சந்தையில் மீன்காரர்கள் போடும் கூச்சல் அந்தத் தொலைபேசி, இணையக் கடைக்குள்ளும் வரும். அதையும் மீறி இவர் குரல் எழும்பும். "இப்ப ஆர் பந்து போடுறது? கெதியாச் சொல்லும்!"

மறுமுனையில் எமிலியானா. மன்னார்த் தீவில் ஒரு கரையூரில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்தக் கடை ரிசீவர்கள் பொல்லாதவை. மறுமுனையில் பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கும் துல்லியமாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவன் பெரும்பாலும் நான். பலெர்மோ பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சிக்காக மதுரையிலிருந்து வந்தவன். வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போகப்போய் அவரோடு பழக்கமாகிவிட்டது. கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத எமிலியானா, கணவருக்காக அதைத் தன் வழியில் கற்றுவைத்திருந்தார். "தடி விழுந்திட்டுது!" என்றால் விக்கெட். "வெள்ளைத் தொப்பிக்காரர் ரெண்டு கையையும் தூக்கிறார்" என்றால் சிக்ஸர்.

இத்தனை கூத்தும் பந்தயத்துக்காக. சாதாரணப் பந்தயக் கடையில் நமக்கு எதிராளி கடைக்காரர். அலோசியஸ் ஆடியது இணையத்தில் இருந்த ஒரு பந்தயச் சந்தையில். அங்கே ஆளோடு ஆள் மோத வேண்டும். 'இந்த அணி வெல்லும்' என்று உலகத்தின் ஒரு மூலையில் ஒருவர் காசு வைப்பார். 'வெல்லாது' என்று இன்னொரு மூலையில் ஒருவர் அதைப் பிடிப்பார். நடுவில் நிற்கும் கம்பெனி தரகை எடுத்துக்கொள்ளும். அலோசியஸ் எப்போதும் 'வெல்லாது' கட்சி. பிடித்த பந்தயத்தை ஆட்டம் முடியும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை. விலை சாதகமாக மாறியதும் லாபத்தோடு மூடிவிடலாம். விக்கெட் விழுவது இத்தாலியில் இணையப் படத்துக்கு வந்துசேர அரை நிமிடம் ஆகும். எமிலியானா வாயிலிருந்து உடனே வந்துவிடும். அந்த அரை நிமிடத்தை நம்பித்தான் அவர் தொழில் நடந்தது.

ஆபத்துகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் காப்பீட்டு முகவர்கள் பிச்சை வாங்க வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும் மன்னார், யாழ்ப்பாணத்து ஆட்கள் அவரைச் சுற்றி நின்று கேட்பார்கள். "வெல்லும் எண்டு வைக்கிறவன் வைச்ச காசைத்தான் துலைப்பான். வெல்லாது எண்டு பிடிக்கிறவன் பத்து மடங்கு குடுக்கவேண்டி வரும். ஒன்பது நாள் வெல்லலாம், பத்தாம் நாள் ஒரே போடாப் போட்டிடும்" என்பார். "எதிரிலை இருக்கிறவன் உம்மைவிடக் கெட்டிக்காரன் எண்டு நினையும். அவன்ர மனிசி மைதானத்துக்குள்ளயே இருக்கலாம், ஆர் கண்டது?" இத்தாலியில் அந்தச் சந்தைக்கு அனுமதி கிடையாது. அதனால் இலண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி கிறிகோரியின் பேரில்தான் ஆடினார். அதையும் மறைக்கமாட்டார். "கிறிகோரி நல்லவன். ஆனால் காசு அவன்ர பேரிலை. நாளைக்கு அவன் கெட்டவனாகலாம்தானே!" ஒருநாள் நான் புத்திசாலித்தனமாக, "போன் லைன் அறுந்தா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன். "அதுவும் யோசிச்சனான், தம்பி. லைன் அறுந்த அந்த நிமிசமே பந்தயத்தை மூடிப்போட்டு எழும்பவேணும்" என்றார். என் பேராசிரியர்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

ஆசைக்கு ஆடுகிறவர் இல்லை அவர். மத்தியானம் ஒரு மணியிலிருந்து, லிபர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாளின், வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் கணவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சட்டை மாற்றும் வேலை. தங்குவது சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியா பேட்டையில், நாலு பேரோடு ஒரே அறையில். எமிலியானாவை இத்தாலிக்கு வரவழைக்கும் விண்ணப்பப் பத்திரத்துக்கு, இன்ன அளவுக்கு வீடு இருக்கிறது என்று நகரசபைச் சான்று வேண்டும். கால்சா என்ற பேட்டைக்குப் போகும் வழியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரன் கேட்ட முற்பணம் சம்பளத்தில் சேருகிற தொகை இல்லை. கலியாணம் முடித்து இருவரும் ஒன்றாக இருந்தது பதினொரு மாதம். அதன் பிறகு ஒன்பது வருடமாகத் தொலைபேசிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்கள் எல்லாரையும்போல பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்தே ஏறி, நகரத்தின் காவல் புனிதையான கன்னி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவார். பந்தயத்துக்காகக் கும்பிட்டதே இல்லை. "அந்தப் பிள்ளையை இதுக்குள்ள இழுக்கக்கூடாது. எமிலியானாவை இஞ்சை கொண்டுவந்து விடு எண்டு மட்டும்தான் கேக்கிறனான்" என்பார். இலங்கை அணிக்கு எதிராகவும் பிடிப்பீர்களோ என்று நான் ஒருமுறை சீண்டினேன். "காசுக்கு நாடு இல்லைத் தம்பி" என்று சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. சிரித்தால் முகம் பத்து வயது குறையும்.

2007 ஐப்பசியிலிருந்து எமிலியானா பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. எனக்கே கேட்டது. பந்துக்கும் பந்துக்கும் நடுவில், "இஞ்சேருங்கோ, உங்களோட ஒரு கதை கதைக்கவேணும்" என்பார். "ஓவர் முடியட்டும், எமிலியானா. பந்தைப் பாரும்" என்பார் இவர். ஓவர் முடியும், அடுத்த ஓவர் தொடங்கும். விக்கெட் விழுந்தால் இவர் பாய்ந்துபோய்க் கணினி எலியை அமுக்குவார், திரும்பி வருவதற்குள் கூண்டுக்கு மேலே நிமிடக் காசு ஏறியிருக்கும். "சரி, அடுத்த முறை கதைப்பம்" என்று வைத்துவிடுவார். ஊர்க் கதை ஏதோ இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் எமிலியானா அப்படித் தொடங்கியபோது, விலை சரிகிறது என்று நானே கையை ஆட்டி அவசரப்படுத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மார்கழியில் ஒரு காலை. தெற்கே நடந்த ஆட்டத்தின் கடைசி நாள். இலங்கை துரத்திக்கொண்டிருந்தது. 'இலங்கை வெல்லாது' என்று அலோசியஸ், கிறிகோரி பேரில் இருந்த அத்தனை காசையும் போட்டுப் பிடித்திருந்தார். ஒரு விக்கெட் விழுந்தால் மூடிவிடலாம், முற்பணம் தேறிவிடும், தை மாதம் பத்திரம் போடலாம். அன்றைக்கு எமிலியானாவின் குரலில் களைப்பு இருந்தது.

"இண்டைக்காவது கேளுங்கோவன். கனநேரம் எடுக்கமாட்டன்."

"இந்த ஓவர் முடியட்டும். இன்னும் ரெண்டே ரெண்டு பந்து. உமக்காகத்தானே மாயிறன்."

"சரி... ஓடி வாறான்... போடுறான்..."

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது. சண்டை மன்னார்ப் பக்கம் திரும்பியிருந்த காலம். அங்கே எல்லா இணைப்பும் நின்றுபோனது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"அண்ணே, மூடிருங்க!" என்று கத்தினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கூண்டுக்குள் போய் நின்று எண்களை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். விலை கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நானே மூடியிருக்கலாம். அடுத்தவர் காசில் கைவைக்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் இலங்கை வென்றது, இருந்த காசு முழுவதும் போனது. சொன்னேன். "ஓம்" என்றார், இன்னும் எண்ணை அழுத்திக்கொண்டே. வேலைக்கு நேரமானதும் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

பதினோராம் நாள் இணைப்புக் கிடைத்தபோது பேசியது எமிலியானாவின் தங்கை அகஸ்ரீனா. அக்காவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகிறது என்றாள். சிறுநீரகம் பழுது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகப் பாதை திறக்கவில்லை. அன்று நான் கடையில் இல்லை. சந்துமுனையில் மிளகாயும் தக்காளியும் குவித்த தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி அவர்தான் சொன்னார். "ரெண்டு மாசமாக் கால் வீக்கமாம், தம்பி. எனக்குத் தெரியாது. ஒண்டுமே தெரியாது." சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அழுதார். தக்காளிக்காரன் கூவுவதை நிறுத்திவிட்டு இரண்டு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தான்.

அதன் பிறகு அவர் பந்தயம் கட்டவில்லை. சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போகிறார், மலைக்கு ஏறுகிறார். கோயில் வாசலில் யாராவது அந்தச் சந்தையைப் பற்றிக் கேட்டால் இப்போதும் விரலை மடக்கி ஆபத்துகளைச் சொல்வார், முன்புபோலவே விளக்கமாக. கேட்டவர்களில் பாதிப்பேர் அன்றைக்கே போய்ப் பந்தயம் கட்டுவார்கள். அவர் யாரையும் தடுத்ததில்லை.

முதலாண்டுப் பூசைக்கு ஊரில் ஒழுங்கு செய்யச் சொல்ல, 2008 மார்கழியில் அகஸ்ரீனாவுக்கு அவர் போன் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். பூசை, சாப்பாடு, கல்லறைக்கு வெள்ளையடிப்பது எல்லாம் பேசி முடித்தார்கள். அப்புறமும் அவள் வைக்கவில்லை.

"அத்தான், ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்குது. அக்காவுக்குச் சிறுநீரகம் எண்டு டாக்குத்தர் சொன்ன அண்டைக்கே கேட்டனான், அத்தானுக்குச் சொல்லேல்லையோ எண்டு. சொல்லிப்போட்டன் எண்டவ. 'பாவம், அழுதவர். கொழும்புக்குப் போ, காசு அனுப்புறன் எண்டவர்' எண்டும் சொன்னவ. அப்ப பாதை திறந்துதான் கிடந்தது. ரெண்டு மாசம் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். ஏன் அத்தான் ஒரு சதமும் வரேல்லை?"

தன் கதையைக் காதுகொடுத்துக் கேட்காத புருசனை அந்த மனுசி தங்கையிடம் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அழுதார் என்றுகூடச் சொல்லிவைத்திருக்கிறார். 'எனக்கு அவ சொல்லவே இல்லை' என்று அலோசியஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவரை விட்டுப் போய்விடும். எமிலியானா பொய் சொன்னவர் ஆகிவிடுவார். சொல்லிவிடுங்கள் அண்ணே என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"அக்கா உங்களுக்குச் சொன்னவதானே, அத்தான்?"

அலோசியஸ் ஆமென்று தலையாட்டினார்.

"அத்தான்? கேக்குதோ? சொன்னவதானே?"

இன்னொரு முறை தலையாட்டினார்.